அட்டிக்கில் மழை: கனடாவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் நாங்கள் வாங்கியது 1970-களில் கட்டிய வீடு. முதல் ஜனவரியில் பத்து நாள் போல மைனஸ் 20-ஐ ஒட்டியே கிடந்த குளிர் திடீரென்று ஒரு நாள் தணிந்தது. தெருவெல்லாம் பனி உருகி ஓடியது. அன்று மாலை மாடிப் படுக்கையறைச் சீலிங்கில் டீ சிந்தியதுபோல ஒரு கறை. கூரை ஒழுகுகிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? கூரை வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லி, கூரை உச்சிக்குப் பக்கத்தில் காற்று வெளியேறும் திறப்பு, அதாவது வென்ட், இரண்டு கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஜனவரியில் கறை மூன்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே முப்பது வருடமாகத் தச்சு வேலை. ஏணியில் ஏறி அட்டிக்கின் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள வெற்றிடம்) மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, கூரை ஒழுகேல்லை. உங்கட வீட்டுக்குள்ள இருந்த ஈரம்தான் மேல போய் உறைஞ்சிருக்கு. இப்ப அது உருகி விழுது" என்றார். நானும் ஏறிப் பார்த்தேன். கூரைமேல் ஓடுபோல வேயும் ஷிங்கிள்களை அடித்த ஆணிகளின் முனைகள் கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருந்தன. பாதி முனைகளில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது, மீதியில் சொட்டு தொங்கியது. பாத்ரூம் ஃபேனின் குழாய் கழன்று இன்சுலேஷன் (வெப்பம் போகாமல் தடுக்கும் பஞ்சு) மேல் பாம்புபோலக் கிடந்தது. எத்தனை வருடக் குளியல் நீராவி அந்த வழியாகப் போயிருக்குமோ!

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில், கொஞ்சம் நானே செய்து, கொஞ்சம் தப்பாகச் செய்து திருத்தி, மீதியை ஆள்வைத்துச் செய்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாய்வான கூரையும், அதற்கும் சீலிங்குக்கும் நடுவே ஆள் தவழும் அளவுக்கு வெற்றிடமும் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். தட்டையான கூரை, சீலிங்கே கூரையோடு சேர்ந்து சாய்ந்திருக்கும் வீடு என்றால் கணக்கு வேறு. அதற்கு நேரே நிபுணரிடம் போய்விடுங்கள்.

அட்டிக் யாருடைய பக்கம்?

நம்மில் பலர் அட்டிக்கை ஊர் வீட்டுப் பரண்போல நினைத்துக்கொள்கிறோம், வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறையாக. இங்கே அப்படி இல்லை. வீடு மாடிச் சீலிங்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது வெளி. கூரை ஒரு குடை, அவ்வளவுதான். மழையையும் பனியையும் அது பார்த்துக்கொள்ளும். குளிரைத் தடுப்பது சீலிங்கும் அதன்மேல் கிடக்கும் இன்சுலேஷனும்தான். குளிர்காலத்தில் வெளியே எவ்வளவு குளிரோ, கிட்டத்தட்ட அதே குளிர் அட்டிக்குக்குள்ளும் இருக்க வேண்டும். "மேலே இவ்வளவு குளிர்கிறதே, வென்ட்டை அடைத்துவிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. அடைக்காதீர்கள்.

அட்டிக் சூடானால் என்ன? இரண்டு தொல்லை. ஒன்று, கூரைமேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய தண்ணீர் வழிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்கு வரும். அதன் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே மறுபடி உறைந்து ஓர் ஐஸ் கரை கட்டும். அந்தக் கரைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிள்களுக்கு அடியில் ஏறி உள்ளே இறங்கும். படம் எடுக்க அழகாகத் தொங்கும் நீளநீளமான ஐஸ் குச்சிகள் பல நேரம் இதன் அறிகுறிதான்.

இரண்டாவது தொல்லை ஈரம். சூடான காற்று மேலே ஏறும். குளிர்காலத்தில் மொத்த வீடும் ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது: கீழ்த்தளத்து இடுக்குகளில் குளிர்காற்று நுழைகிறது, மாடிச் சீலிங்கில் உள்ள ஓட்டைகளில் சூடான காற்று வெளியேறுகிறது. அந்தக் காற்று குளித்த ஈரம், சமைத்த ஈரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல, உறைகுளிரில் இருக்கும் கூரைப் பலகையில் பட்டதும் அது உறைபனியாக ஒட்டிக்கொள்ளும். குளிர் விடும் நாளில் மொத்தமாக உருகி இறங்கும்.

இதிலிருந்து வேலையின் வரிசை தானாக வந்துவிடும். முதலில் சீலிங் ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடுத்து அட்டிக்கின் காற்று வழியைச் சரிசெய்ய வேண்டும். இன்சுலேஷன் கடைசி. ஆனால் விளம்பரம் பார்த்து இன்சுலேஷனை முதலில் கொட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்புறம் ஓட்டைகளைத் தேட, ஒன்றரை அடிப் பஞ்சைக் கிளற வேண்டும்.

ஏறுவதற்கு முன்

பனி விழுந்து இரண்டு நாள் ஆனதும் தெருவில் நின்று உங்கள் கூரையையும் அக்கம்பக்கத்துக் கூரைகளையும் பாருங்கள். மற்ற கூரைகளில் பனி அப்படியே இருக்க, உங்களுடையதில் மட்டும் திட்டுத்திட்டாக உருகியிருந்தால் கீழிருந்து சூடு கசிகிறது. காசில்லாத சோதனை இது.

ஏறுவதற்கு நல்ல காலம் அக்டோபர் அல்லது ஏப்ரல். கோடை மதியத்தில் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வராது. என்95 முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை, தலையில் மாட்டும் விளக்கு வேண்டும். தொப்பியும் போடுங்கள், ஆணி முனைகளை நான் தலையால் எண்ணியிருக்கிறேன். கால் வைப்பது மரச்சட்டங்களின் மேல் மட்டும்தான். சட்டங்களுக்கு நடுவே இருப்பது அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை), அதன்மேல் மிதித்தால் கீழே படுக்கையறைக்கே வந்துவிடுவீர்கள். இரண்டு, மூன்று சட்டங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்துப் போய், அதைப் போட்டு உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

எட்டிப் பார்த்ததும் இவற்றில் ஒன்று தென்பட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்:

- சாம்பலும் பழுப்பும் கலந்து, மினுமினுக்கும் சின்னக் கூழாங்கல் போன்ற பொருள். இது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்ததில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. அதற்கு முன் நிறையக் கனடிய வீடுகளில் இதைக் கொட்டியிருக்கிறார்கள். கிளறாமல், பெருக்காமல், மூடியை மூடிவிட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். சோதிக்கும்வரை ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- பீங்கான் குமிழ்களில் சுற்றிப் போகும் பழைய மின்கம்பி. 1950-க்கு முந்தைய வீடுகளில் இருக்கலாம். அது காற்றில் குளிரும்படி அமைத்த வயரிங். பஞ்சுக்குள் புதைத்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். முதலில் எலக்ட்ரீஷியன்.
- கூரைப் பலகையில் பரவலான கறுப்புப் பூஞ்சை, ஊறி மெத்தென்று ஆன மரம்.

டவுன்ஹவுஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: காண்டோ நிர்வாகத்தின் கீழ் உள்ளது என்றால் கூரையும் அட்டிக்கும் உங்களுடையதாக இல்லாமலிருக்கலாம். எழுத்தில் அனுமதி வாங்காமல் கைவைக்காதீர்கள். அரசு மானியம் ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். வேலைக்கு முன்பே எனர்ஜி ஆலோசகர் வந்து அளந்திருக்க வேண்டும் என்பது பல திட்டங்களின் நிபந்தனை. முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

ஓட்டைகளை அடைப்பது

அலுப்பான வேலை இதுதான். பலன் தருவதும் இதுதான். ஒரு வாரயிறுதி முழுக்க ஒதுக்குங்கள்.

பழைய கண்ணாடி இழைப் பஞ்சு உங்களுக்கு ஓர் உதவி செய்யும். அது காற்றை நிறுத்தாது, வடிகட்டும். பல வருடம் காற்று கசிந்த இடத்தில் தூசி படிந்து பஞ்சு கறுத்திருக்கும். கறுத்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள், கீழே ஓட்டை இருக்கும். குளிர்நாளில் கீழே இருந்தபடியும் தேடலாம்: ஃபேன்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி அட்டிக் மூடியின் ஓரமாகக் காட்டினால் புகை எந்த இடுக்கில் உறிஞ்சப்படுகிறது என்று தெரியும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், வாசலில் பெரிய விசிறியை மாட்டி வீட்டுக் காற்றை உறிஞ்சி அளக்கும் சோதனையை எனர்ஜி ஆலோசகர்கள் செய்துதருவார்கள்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்? மின்கம்பிகள் கீழிருந்து ஏறிவரும் துளைகள். டாய்லெட் பைப்பின் காற்றுக் குழாயைச் சுற்றிய வளையம், இது பெரிய ஓட்டையாகவே இருக்கும். சீலிங் விளக்குப் பெட்டிகள். அறைச் சுவர்களின் தலைப்பில் டிரைவாலும் மரமும் சேரும் கோடு. அந்தக் கோட்டில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் வீட்டின் எல்லாச் சுவர்களின் நீளத்தையும் கூட்டிப் பாருங்கள். சின்ன இடுக்குக்குப் பசைபோலப் பிதுக்கி அடைக்கும் கால்க்கிங், விரல் நுழையும் துளைக்கு ஃபோம் கேன், அதைவிடப் பெரியதற்கு ஃபோம் பலகையை வெட்டி வைத்து ஓரங்களில் ஃபோம். அடுப்பு, ஃபர்னஸ் புகைக்குழாய் ஏறும் இடத்தில் மட்டும் இது எதையும் பயன்படுத்தக் கூடாது. தகரத் தகட்டை வெட்டி வைத்து, தீ தாங்கும் கால்க்கிங்கால் ஓரத்தை அடைக்க வேண்டும். குழாயைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி அதன்மேல் எழுதியிருக்கும், பஞ்சு அதற்குள் வரக் கூடாது.

சீலிங்குக்குள் பதித்த பாட் லைட் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. பழைய விளக்குகளின் மேல் பஞ்சைப் போடவும் கூடாது, சூடேறும். பஞ்சு பட்டாலும் ஆபத்தில்லை என்று காட்டும் "ஐசி" (IC) முத்திரையும் காற்றுப் புகாத உறையும் உள்ள எல்இடி விளக்குகளாக மாற்றிவிடுவதே சுலபம்.

பாத்ரூம் ஃபேன் கதைக்கு வருகிறேன். அதன் குழாய் வீட்டுக்கு வெளியேதான் முடிய வேண்டும், கூரையில் அதற்கென்று உள்ள மூடி வழியாகவோ பக்கச் சுவர் வழியாகவோ. அட்டிக்கில் திறந்து விடுவது தப்பு. இறவாரத்தின் அடியில் கொண்டுபோய் விடுவதும் தப்பு, வெளியே போன நீராவியைப் பக்கத்து வென்ட் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய் வெளிப்புறம் பஞ்சு சுற்றியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே ஈரம் தேங்கி ஃபேன் வழியாகத் திரும்பச் சொட்டும். இணைப்புகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எங்கள் வீட்டில் வெறும் டேப் ஒட்டியிருந்தார்கள், அது காய்ந்து உரிந்துவிட்டது. சமையலறை ஹூட், துணி உலர்த்தும் இயந்திரம் எதுவும் அட்டிக்கில் முடியவே கூடாது.

கடைசியாக அட்டிக் மூடி. முக்கால்வாசி வீடுகளில் அது ஒரு பலகைத் துண்டு மட்டுமே. ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, மேல்பக்கம் ஃபோம் பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். சுற்றிலும் ப்ளைவுட்டால் ஒரு தொட்டிக்கரை கட்டினால், பின்னால் கொட்டும் பஞ்சு திறக்கும்போது தலையில் விழாது.

ஓட்டை அடைத்த வீட்டில் காற்று முன்னைப்போலத் தாராளமாக உள்ளே வராது. கேஸ் ஃபர்னஸ், கேஸ் அடுப்பு உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பது ஒன்டாரியோவில் சட்டப்படி கட்டாயம். அது வேலை செய்கிறதா என்று அன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

காற்று வழி

வெளிக்காற்று இறவாரத்தின் அடியை மூடியிருக்கும் பலகையான சோஃபிட்டின் துளைகள் வழியாக நுழைந்து, கூரைப் பலகையின் அடியை ஒட்டி ஏறி, உச்சிக்குப் பக்கத்து வென்ட் வழியாக வெளியேற வேண்டும். கீழே நுழைவு, மேலே வெளியேற்றம். இரண்டும் இருந்தால்தான் அது வழி.

என் கூரைக்காரர் செய்த தப்பு இங்கேதான். எங்கள் வீட்டில் கீழ் நுழைவு அடைத்துக்கொண்டிருந்தது. மேலே மட்டும் வென்ட்டைக் கூட்டினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டுமே! சீலிங் ஓட்டைகள் வழியாக வீட்டுச் சூடான, ஈரமான காற்றைத்தான் அது இழுத்தது. காற்றோட்டம் கூடினால் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை. மின்விசிறி வைத்த அட்டிக் வென்ட்டிலும் இதே ஆபத்து உண்டு.

எவ்வளவு வேண்டும்? சாதாரணச் சாய்வுக் கூரைக்குக் கட்டட விதியின் கணக்கு 300-இல் ஒரு பங்கு. சீலிங் பரப்பு 1,000 சதுர அடி என்றால் திறப்பு மொத்தம் 3.3 சதுர அடி, அதாவது 480 சதுர அங்குலம். இதில் மேலேயும் கீழேயும் குறைந்தது கால் பங்காவது இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி, அல்லது கீழே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. மேலுக்கு 240 வேண்டும், ஒரு வென்ட்டின் திறப்பு 50 சதுர அங்குலம் என்று பெட்டியில் போட்டிருந்தால், 5 வென்ட். வலையும் தடுப்பும் போக மிஞ்சும் திறப்பைத்தான் எண்ண வேண்டும், வெளி அளவை அல்ல. உச்சிக்கோட்டில் நீள வென்ட் வைக்கும்போது, பக்கச் சுவரின் பழைய வென்ட்டையும் திறந்து வைக்காதீர்கள். காற்று கிட்டத்தில் உள்ள துளை வழியாகக் குறுக்கே போய்விடும், இறவாரம்வரை இறங்காது.

சோஃபிட்டைச் சோதிக்க ஒரு தந்திரம்: பகலில் அட்டிக்கில் விளக்கை அணைத்துவிட்டுக் கூரை தாழும் ஓரங்களைப் பாருங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. கும்மிருட்டாக இருந்தால், பஞ்சு ஓரம்வரை தள்ளப்பட்டு அடைத்திருக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய வீடுகளில் மரச் சோஃபிட்டைக் கழற்றாமல், துளையிட்ட அலுமினியத்தை அதன்மேல் போர்த்திவிட்டிருப்பார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஆயிரம் துளை, உள்ளே முழு மரம். அலுமினியத்தைக் கழற்றி மரத்தில் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கோளாறும் இருந்தது.

வழி திறந்ததும் ஒவ்வொரு கூரைச் சட்ட இடைவெளியிலும் பேஃபிள் வையுங்கள். ஃபோம், பிளாஸ்டிக், அட்டையில் கிடைக்கும் நீளமான வளைந்த தகடு அது. கூரைப் பலகையின் அடியில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டால், பஞ்சை எவ்வளவு உயரம் கொட்டினாலும் காற்றுப் பாதை நசுங்காது. விதிப்படி அங்கே 63 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஓரத்தில் குனிந்து, படுத்து, ஆணிக்குத் தப்பி அடிக்கும் இந்த வேலையை மட்டும் நான் இன்னொரு முறை செய்யமாட்டேன், ஆளுக்குக் காசு கொடுத்துவிடுவேன்.

வென்ட்டில் வலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ரக்கூன் குடியேறிய பிறகு காற்றோட்டம் பற்றிப் பேச நேரம் இருக்காது.

இன்சுலேஷன்

இப்போதுதான் பஞ்சு. ஒன்டாரியோவில் புது வீடுகளின் அட்டிக்குக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது R-60. R என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, கூடக் கூட நல்லது. பழைய காகிதத்திலிருந்து செய்யும் செல்லுலோஸ் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய R-3.6 தரும், அதனால் R-60-க்கு 16, 17 அங்குலம். தூவும் கண்ணாடி இழை ஓர் அங்குலத்துக்கு R-2.5 சுமார், எனவே 20 அங்குலத்துக்கு மேல் வேண்டும். பழைய பஞ்சு உலர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்க வேண்டாம், அதன்மேலேயே போடலாம்.

பணம் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். R-12 வழியாகப் போகும் வெப்பத்தை 100 என்று வைத்துக்கொண்டால், R-40-இல் அது 30. R-60-இல் 20. நான்கு அங்குலப் பழம்பஞ்சோடு இருப்பவருக்கு இது பெரிய லாபம். ஏற்கெனவே R-40 இருப்பவர் அந்தப் பணத்தை ஓட்டை அடைப்பதில் போடலாம்.

நீங்களே தூவ நினைத்தால், மூட்டைகளை வாங்கும் கடையிலேயே இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். குறிப்பிட்ட அளவு வாங்கினால் பல கடைகளில் அது இலவசம். ஒருவர் கீழே மூட்டையைப் பிரித்துப் போட, ஒருவர் மேலே குழாயைப் பிடிக்க வேண்டும். சட்டங்களில் ஆங்காங்கே காகித ஸ்கேலை ஒட்டிவைத்தால் உயரம் சீராக வரும். செல்லுலோஸ் நாளடைவில் அமுங்கும், அதனால் மூட்டையில் போட்டிருக்கும் ஆரம்ப உயரம்வரை தூவுங்கள். கணக்கிட்ட மூட்டைகள் தீரவில்லை என்றால் எங்கோ மெலிதாக விட்டிருக்கிறீர்கள்.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, குளிர்நாட்டில் பஞ்சுக்குக் கீழே, சூடான பக்கம் இருக்க வேண்டும். பஞ்சுக்கு நடுவிலோ மேலோ இன்னொன்றை விரித்தால் ஈரம் அதற்கடியில் சிக்கிவிடும். பழைய வீட்டில் விரிப்பே இல்லையா? பயப்பட வேண்டாம். டிரைவால் வழியே ஊறிப் போகும் ஈரம் கொஞ்சம், ஓட்டைக் காற்றோடு போவதுதான் அதிகம். அதை நீங்கள் அடைத்தாயிற்று.

கீழே நாம் செய்வது

நம் வீடுகளில் ஈரம் கொஞ்சம் தாராளம். இட்லிப் பானை, குக்கர், மணிக்கணக்கில் கொதிக்கும் குழம்பு, பேஸ்மென்ட்டில் கொடி கட்டி உலர்த்தும் துணி. போதாததற்கு, சருமம் வறள்கிறது என்று ஹியூமிடிஃபயரையும் கூட்டி வைக்கிறோம். ஈரப்பத மானி ஒன்று வாங்கி மாடியில் வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 35 சதவீதம் போதும், மைனஸ் 20 நாட்களில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

சமைக்கும்போது ஹூட்டைப் போடுங்கள், ஆனால் அது உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல ஹூட்கள் வடிகட்டி வழியாகச் சமையலறைக்கே திருப்பி ஊதும். குளித்து முடித்த பிறகும் பாத்ரூம் ஃபேன் இருபது, முப்பது நிமிடம் ஓடட்டும், டைமர் ஸ்விட்ச் போட்டுவிட்டால் யாரையும் கத்த வேண்டியதில்லை. ஒரு டிஷ்யூ தாளை ஃபேனில் காட்டினால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குழாயில் அடைப்பு, அல்லது ஃபேனுக்கு வயதாகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு வயர்லெஸ் தெர்மாமீட்டரின் சென்சரை அட்டிக்கில் வைத்தேன். வெயில் இல்லாத ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 14, அட்டிக்கில் மைனஸ் 11. மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஆணிகள் உலர்ந்திருந்தன. அதற்குப் பிறகுதான் சீலிங்குக்குப் பெயின்ட். சாதாரண பெயின்ட்டை நேராக அடித்தால் தண்ணீர்க் கறை ஒரே வாரத்தில் ஊறி மேலே வந்துவிடும். முதலில் கறை மறைக்கும் ப்ரைமர் ஒரு கோட்டு அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் வெள்ளை அடியுங்கள்.